குடவோலையும் கணிப்பொறியும்



சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, தாம்பரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். பொறியியல் கல்லூரியில் சேர்வதற்கு விண்ணப்பித்திருந்த என் பேத்தி ஓடி வந்தாள். "தாத்தா, எனக்குப் பத்து இலக்கத்தில் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு என்ன பொருள்?" என்று கேட்டாள்.

"பொருள் ஒன்றும் இல்லை, அம்மா. பொருள் இல்லாமல் இருப்பதுதான் அதன் பயன்" என்றேன். அவள் என்னை ஐயத்தோடு பார்த்தாள். வரலாற்று ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற கிழவனுக்குக் கணக்கு தெரியவில்லை என்று எண்ணினாளோ என்னவோ!

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் இத்தகைய எண் ஒன்று வழங்கப்படுகிறது. இதனைச் சமவாய்ப்பு எண் என்பார்கள். இரண்டு மாணவர்களின் மதிப்பெண்கள் ஒன்றாகவே இருந்து, பாடவாரியாகப் பார்த்தாலும் வேறுபாடு இல்லாமல், பிறந்த தேதியும் ஒன்றாகவே அமைந்துவிட்டால், யாரை முதலில் அழைப்பது? அப்போது பெரிய எண்ணைப் பெற்றவர் முதலில் அழைக்கப்படுகிறார். ஆக, பொருளற்ற அந்தப் பத்து இலக்கம் ஒருவருடைய கல்லூரியையே தீர்மானித்துவிடக்கூடும். அப்படியானால், அந்த எண்ணை எடுத்துத் தருவது யார்? எடுப்பவரை நாம் எப்படி நம்புவது? இதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

அதே விடுமுறையில் இன்னொரு சிறு நிகழ்ச்சியும் நடந்தது. என் பேத்தி பைதான் என்னும் நிரல்மொழியைக் கற்றுக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் உள்ள படிப்பகம் ஒன்றில், உறுப்பினர் இருநூறு பேருக்கு எழுத்தும் எண்ணும் கலந்த எட்டு எழுத்துக் குறியீடுகள் வேண்டும் என்று கேட்டார்கள். அவள் ஆறே வரிகளில் நிரல் எழுதி, இருநூறு குறியீடுகளையும் ஒரு நொடியில் உண்டாக்கிக் கொடுத்தாள். பார்ப்பதற்கு அவை ஒழுங்கே இல்லாத எழுத்துக் கூட்டமாகத்தான் இருந்தன. ஆனால் இரண்டு நாள் கழித்து, அதே பாடத்தைப் படித்த பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், அத்தனை குறியீடுகளையும் தன் வீட்டில் இருந்தபடியே வரிசை மாறாமல் உண்டாக்கிக் காட்டிவிட்டான்! பாடத்தில் எடுத்துக்காட்டாகக் கொடுத்திருந்த தொடக்க எண்ணை என் பேத்தி அப்படியே தன் நிரலில் எழுதியிருந்தாள். அவனும் அதையே எழுதிப் பார்த்தான். அவ்வளவுதான். பூட்டுச் செய்து கொடுத்தோம் என்று அவள் நினைத்திருந்தாள். சாவியோ ஊரில் எல்லாரிடமும் இருந்தது.

அவள் முகம் வாடிவிட்டது. "ஒழுங்கில்லாததை ஒழுங்காக உண்டாக்குவது எப்படி, தாத்தா?" என்று கேட்டாள். விடையை ஒரு கற்சுவரில் காட்டுகிறேன் என்று சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை உத்திரமேரூருக்கு அழைத்துச் சென்றேன்.

தாம்பரத்திலிருந்து தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரும் கூடுவாஞ்சேரியும் மறைமலைநகரும் கடந்தால் செங்கற்பட்டு வரும். அங்கிருந்து தென்மேற்கே திரும்பினால் உத்திரமேரூர். பல்லவர் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக அமைந்த ஊர் இது. இங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவர்களில், முதலாம் பராந்தக சோழனுடைய ஆட்சியின் 12ஆம் ஆண்டிலும் 14ஆம் ஆண்டிலும், அதாவது கி.பி. 919இலும் 921இலும், பொறித்த இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. 1898ஆம் ஆண்டில் கல்வெட்டுத் துறையினர் இவற்றைப் படியெடுத்தார்கள். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை இவை விளக்குகின்றன. குடவோலை என்று நாம் பள்ளியிலே படித்தோமே, அந்த முறைதான்.

பாடப்புத்தகத்தில் குடவோலையை இரண்டு வரியில் படித்துவிட்டு நாம் கடந்துவிடுகிறோம். குடத்திலே ஓலையைப் போட்டு எடுத்தார்கள் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. ஆனால் கல்வெட்டைப் பொறுமையாகப் படித்தால்தான் அதை வகுத்தவர்கள் எவ்வளவு எச்சரிக்கையோடு வகுத்தார்கள் என்பது விளங்கும்.

921ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்லும் முறையைக் கேளுங்கள். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பதை இன்றைய வட்டம் என்று கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உடையவர்களுடைய பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதுவார்கள். குடும்புவாரியாக அவற்றைக் கட்டி, எந்தக் குடும்பின் கட்டு என்று அடையாள ஓலை சேர்த்து, முப்பது கட்டுகளையும் ஒரு குடத்தில் இடுவார்கள். சபையார் சிறியோரும் பெரியோருமாகக் கூடியிருக்க வேண்டும். ஊரில் உள்ள நம்பிமார்களாகிய கோயில் பூசகர்கள் அனைவரும் மண்டபத்தில் அமர்ந்திருக்க வேண்டும். அவர்களுள் மூத்தவர் ஒருவர் எழுந்து நின்று, எல்லோரும் காணும்படி குடத்தை உயர்த்திப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் அதிலிருந்து ஒரு கட்டை எடுக்க வேண்டும். அந்தக் கட்டைப் பிரித்து, ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டு, நன்றாகக் குலுக்க வேண்டும். பிறகு அதே சிறுவன் அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்க வேண்டும். மத்தியஸ்தனோ ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையிலே அதை வாங்க வேண்டும். வாங்கிய ஓலையை அவன் உரக்கப் படிக்க வேண்டும். அங்குள்ள நம்பிமார் எல்லோரும் அதையே வாங்கிப் படிக்க வேண்டும். அதன் பின்னரே அந்தப் பெயர் எழுதிக்கொள்ளப்படும். இவ்வாறு குடும்புக்கு ஒருவராக முப்பது பெயர்கள் கிடைக்கும். அவர்களுள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் அமர்த்தப்படுவார்கள்.

மாணவ நண்பர்களே, இந்த விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, "இது எதற்கு?" என்று கேட்டுப் பாருங்கள். ஏன் சிறுவன்? அவனுக்கு உள்ளே இருப்பது தெரியாது. எவர் பெயர் வந்தாலும் அவனுக்கு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஏன் இரண்டாவது குடம், ஏன் குலுக்கல்? மேலே வைத்த ஓலை மேலேயே இருந்துவிடக்கூடாது. ஏன் விரல்களை விரிக்க வேண்டும்? மூடிய கையில் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருக்கலாம். விரித்த கையில் முடியாது. ஏன் எல்லோரும் படிக்க வேண்டும்? ஒருவர் மட்டும் படித்தால் பெயரை மாற்றிப் படித்துவிடலாம். ஆக, ஒவ்வொரு விதியும் ஒரு சூழ்ச்சியை எதிர்பார்த்து அதன் வழியை அடைத்து நிற்கிறது. 919இல் வகுத்த முறையை இரண்டே ஆண்டில் திருத்தி விரித்து மறுபடியும் கல்லில் வெட்டினார்கள் என்பதும் கருதத்தக்கது.

இதில் மிகவும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. தேர்தலின் விதிகளை யாரும் மறைக்கவில்லை. கோயிற் சுவரிலேயே வெட்டி வைத்துவிட்டார்கள். வருவோர் போவோர் எல்லோரும் படிக்கலாம். ஆனால் அடுத்து வரப்போகும் பெயரை மட்டும் ஒருவரும் அறிய முடியாது. குடத்தை உயர்த்திய முதியவருக்கும் தெரியாது. எடுத்த சிறுவனுக்கும் தெரியாது. ஆணை அனுப்பிய அரசனுக்கும் தெரியாது. முறை வெளிப்படை, முடிவு மறைபொருள். சமவாய்ப்பு என்பதன் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு தொடரில் அடங்கிவிடுகிறது என்று நான் நினைக்கிறேன்.

குடத்திலிருந்து ஓலை எடுப்பது சோழர் காலத்தில் திடீரென்று தோன்றிய வழக்கமும் அன்று. அகநானூற்றின் 77ஆம் பாட்டில், கயிற்றால் கட்டிய குடத்தின் பொறியைச் சோதித்து உடைத்து ஓலைகளை எடுக்கும் ஆவண மாக்கள் உவமையாக வருகிறார்கள். பிற நாடுகளிலும் இது போன்ற ஏற்பாடுகள் உண்டு. பண்டைய ஏதென்ஸ் நகரத்தார் கல்லில் துளைகள் அமைத்த ஒரு பொறியைக் கொண்டு நடுவர்களைத் தேர்ந்தார்கள். வெனிஸ் நகரத்தில் தலைவரைத் தேர்வதற்கான குலுக்கலில் உருண்டைகளை எடுத்துக் கொடுத்தவனும் ஒரு சிறுவனே! உத்திரமேரூருக்கும் வெனிசுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆயினும் ஒரே இடர்ப்பாடு ஒரே விடையை இரண்டு இடத்திலும் தோற்றுவித்தது.

குலுக்க வேண்டும் என்ற விதி எவ்வளவு இன்றியமையாதது என்பதை நம் காலத்து நிகழ்ச்சி ஒன்று மெய்ப்பித்தது. 1969ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், வியட்நாம் போருக்கு இளைஞர்களைச் சேர்ப்பதற்காக அமெரிக்க அரசு ஒரு குலுக்கல் நடத்தியது. ஆண்டின் 366 தேதிகளையும் தனித்தனியே சிறு குப்பிகளில் அடைத்து, ஒரு கண்ணாடிச் சாடியில் இட்டு எடுத்தார்கள். எந்தத் தேதி முதலில் வருகிறதோ, அந்தத் தேதியில் பிறந்தவர் முதலில் படைக்குச் செல்ல வேண்டும். ஆனால் குப்பிகளை மாதவாரியாகச் சேர்த்தவர்கள் அவற்றை நன்றாகக் கலக்கவில்லை. ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களுடைய தேதிகள் மிகுதியாக முன்னே வந்துவிட்டன என்று பின்னர்க் கணக்கியலார் எடுத்துக்காட்டினார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூர்ச் சபையார் கல்லிலே வெட்டிய ஒரு சிறு சொல்லை மறந்ததன் விளைவு இது. மறுமுறை நடத்தியபோது குலுக்கும் முறையைத் திருத்தினார்கள்.

இனி, குடத்திலிருந்து எண்ணுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டில் சமவாய்ப்புக்கு ஒரு புதிய வேலை வந்து சேர்ந்தது. ஆட்களைத் தேர்வதோடு நில்லாமல், உண்மையைத் தேர்வதற்கும் அது பயன்படலாயிற்று.

தாம்பரத்தில் இரயிலேறிச் சென்னை நோக்கிச் செல்பவர்கள் முதலில் காணும் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். காசநோயாளிகளுக்காக டாக்டர் சவுரி முத்து 1928ஆம் ஆண்டில் இங்கே தொடங்கிய மருத்துவமனையால் வந்த பெயர் அது. அந்தக் காலத்தில் காசநோய்க்குத் தூய காற்றும் ஓய்வும் நல்ல உணவும் வேண்டும், ஆகவே நோயாளி வீட்டை விட்டு இத்தகைய இடத்தில் பல மாதங்கள் தங்க வேண்டும் என்பதே மருத்துவ உலகின் துணிபு. ஆனால் நம் நாட்டில் நோயாளிகளோ இலட்சக்கணக்கில் இருந்தார்கள்; படுக்கைகளோ மிகச் சில. புதிய மருந்துகள் வந்த பிறகும், வீட்டில் இருந்தே அவற்றை உட்கொண்டால் போதுமா, வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு நோய் பரவாதா என்ற கேள்வி இருந்தது.

இதனை ஆராய 1956ஆம் ஆண்டில் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இதில் சேர்ந்து பணியாற்றின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் தலைமையில் நடந்த முதல் ஆய்வில், ஏழை நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். மற்றவர்களைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். யார் எந்தப் பகுதி என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. சமவாய்ப்பு முறையே முடிவு செய்தது.

இது இரக்கமற்ற செயல் போலத் தோன்றலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள். மருத்துவரிடம் விட்டால், நோய் முற்றியவரைச் சானடோரியத்துக்கு அனுப்பத்தான் அவர் மனம் விரும்பும். பிறகு வீட்டில் இருந்தவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்றால், அது மருந்தின் சிறப்பா, அவர்கள் முதலிலேயே நலமாக இருந்ததன் விளைவா என்று எப்படிச் சொல்வது? நல்லெண்ணமும் ஒரு பக்கச் சாய்வுதான். அதனையும் அடைக்க வேண்டும். லண்டனில் பிராட்போர்டு ஹில் என்னும் கணக்கியல் அறிஞர் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார். 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில், சமவாய்ப்பு எண் பட்டியலைக் கொண்டு நோயாளிகளைப் பிரித்து, முடிவுகளை ஒட்டிய உறைகளுக்குள் வைத்தார். நோயாளியைச் சேர்த்த பின்னரே உறை பிரிக்கப்படும். அந்த உறைதான் உத்திரமேரூர்ச் சிறுவனுடைய கை!

சென்னை ஆய்வின் முடிவு 1959இல் வெளிவந்தது. முறையாக மருந்து உட்கொண்டால், வீட்டில் இருந்து பெறும் சிகிச்சை ஏறத்தாழ சானடோரியச் சிகிச்சைக்கு நிகரானதே. வீட்டாருக்கும் அதனால் கூடுதல் அபாயம் இல்லை என்று அது காட்டியது. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிய முடிவு இது. குடிசை வீட்டில் இருந்த ஒரு தாய் தன் குழந்தைகளைப் பிரியாமல் குணமடைய முடிந்தது என்றால், அதற்குப் பின்னால் பொருளற்ற ஓர் எண் வரிசை நின்றது என்பதை நாம் மறக்கக்கூடாது.

அந்த எண் வரிசைகள் எங்கிருந்து வந்தன? 1927ஆம் ஆண்டில் டிப்பெட் என்னும் ஆங்கிலேயர், குடிக்கணக்கு அறிக்கைகளில் இருந்த எண்களிலிருந்து 41,600 இலக்கங்களை எடுத்துத் தொகுத்து ஒரு சிறு நூலாக வெளியிட்டார். வரிசை வரிசையாக எண்களைத் தவிர வேறெதுவும் இல்லாத நூல்! 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பேராசிரியர் மகலனோபிஸ், வங்காளத்தில் சணல் விளைச்சலைக் கணக்கிட, சமவாய்ப்பு முறையில் வயல்களைத் தேர்ந்தெடுத்தார். அந்த நிறுவனத்தின் சென்னை மையம் இன்று நம் தென்புறத்துத் தரமணியில் இயங்குகிறது. 1955இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம், மின்பொறியைக் கொண்டு உண்டாக்கிய பத்து இலட்சம் இலக்கங்களை ஒரு பெரும் புத்தகமாகவே அச்சிட்டது.

கணிப்பொறி வந்தபோது புதியதோர் இடர் தோன்றியது. கணிப்பொறி சொன்னதைச் சொன்னபடி செய்யும் வேலைக்காரன். அதனிடம் போய், "எனக்கே தெரியாத ஒன்றைச் செய்" என்றால் அது என்ன செய்யும்? 1940களில் ஜான் வான் நாய்மன் என்னும் கணித மேதை ஒரு தந்திரம் கையாண்டார். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1234 என்று வைத்துக்கொள்வோம். அதை அதனாலேயே பெருக்கினால் 15,22,756. முன்னே ஒரு சுழியம் சேர்த்து எட்டு இலக்கமாக்கி, நடுவில் உள்ள நான்கை எடுத்தால் 5227. அதை மீண்டும் அவ்வாறே பெருக்கி நடுவை எடுத்தால் 3215. மேலும் ஒருமுறை செய்தால் 3362. எண்கள் தாறுமாறாக வருவது போலத் தோன்றுகின்றன அல்லவா? ஆனால் 1234 என்று தொடங்குபவர் எவராயினும் அவருக்கு இதே 5227, 3215, 3362 தான் வரும். இது தோற்றத்தில் மட்டுமே சமவாய்ப்பு. உள்ளே இருப்பது வெறும் பெருக்கல். இந்தக் குறையை நாய்மனே நன்கு அறிந்திருந்தார்.

1949இல் லேமர் என்பவர், பெருக்கி வகுத்து மீதியை எடுக்கும் வேறொரு முறையைக் கூறினார். 1997இல் ஜப்பானிய அறிஞர்களான மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் மெர்சென் ட்விஸ்டர் என்னும் சிறந்த முறையை வகுத்தார்கள். பைதானில் சாதாரண வேலைக்கு இன்றும் பயன்படுவது இதுவே. இதன் எண்கள் கணக்கியல் சோதனைகள் பலவற்றில் தேறுகின்றன. ஆயினும், 32 இருமஎண்கள் கொண்ட விடைகள் 624ஐ வரிசையாகப் பார்த்தவர், அடுத்து வரும் எண்ணைக் கணக்கிட்டே சொல்லிவிட முடியும். அதாவது, குடம் அழகானது. எடுப்பவனோ உள்ளே இருப்பதை அறிந்தவன். என் பேத்தி பட்ட தொல்லை இதுதான். தொடக்க எண்ணுக்கு நிரலாளர்கள் விதை என்று பெயரிட்டிருக்கிறார்கள். விதையை அறிந்தவனுக்கு மரம் முழுவதும் தெரியும்.

இப்போது எழுத்தும் எண்ணும் கலந்த சரத்தின் கணக்கைப் பாருங்கள். ஆங்கிலத்தின் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண்கள் 10, ஆக 62. இவற்றை ஓலைகளாகக் கொண்டு ஒரு குடத்தில் இட்டு, ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டு, அதை மீண்டும் குடத்தில் இட்டுக் குலுக்கி, எட்டு முறை எடுத்தால் எட்டு எழுத்துச் சரம் கிடைக்கும். உத்திரமேரூரில் எடுத்த ஓலை திரும்பக் குடத்துக்குள் போவதில்லை, இங்கே போகிறது. அது ஒன்றே வேறுபாடு. இவ்வாறு உண்டாகக்கூடிய சரங்களின் தொகை ஏறத்தாழ 218 இலட்சம் கோடி. ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பவன் களைத்துப் போவான். ஆனால் விதை ஆயிரத்துக்குள் ஓர் எண் என்று தெரிந்துவிட்டால், அவன் ஆயிரம் முறை முயன்றால் போதும். குடத்தின் பெருமை எடுப்பவனுடைய அறியாமையில்தான் இருக்கிறது.

இது வெறும் அச்சம் அன்று. டெபியன் என்னும் இயங்குதளத்தில், 2006ஆம் ஆண்டில், குறை கண்டுபிடிக்கும் கருவி ஒன்று எச்சரித்தது என்பதற்காக நிரலின் சில வரிகளை நீக்கினார்கள். மறைசாவிகளை உண்டாக்கும்போது குலுக்கல் நடக்கும் இடம் அதுவே என்பதை எவரும் கவனிக்கவில்லை. அதன் பிறகு சாவியை வேறுபடுத்துவதற்கு எஞ்சியது 32,768க்கு உட்பட்ட ஓர் எண் மட்டுமே. 2008 மே மாதத்தில்தான் பிழை வெளிப்பட்டது. அதுவரை அந்தத் தளத்தில் உண்டாக்கிய சாவிகளை உலகெங்கும் தேடித் தேடி மாற்ற வேண்டியதாயிற்று. கணிப்பொறி நிற்கவில்லை, தவறு என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. சாவிகளும் பார்வைக்குக் குழப்பமாகவே இருந்தன. சமவாய்ப்பில் நேரும் பிழையின் இயல்பே இதுதான். கண்ணுக்குத் தெரியாது.

இன்னொரு பிழையும் உண்டு. கணக்கு மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கணிப்பொறி 0 முதல் 255 வரை, ஆக 256 எண்களுள் ஒன்றைச் சமவாய்ப்பாகத் தருகிறது என்று கொள்ளுங்கள். அதை 62ஆல் வகுத்து, மீதிக்கு ஏற்ற எழுத்தைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் 62ஐ நான்கு முறை கூட்டினால் 248. மீதம் எட்டு எஞ்சி நிற்கிறது. ஆகவே முதல் எட்டு எழுத்துகளுக்கு ஐந்து ஓலைகள். மற்ற 54 எழுத்துகளுக்கு நான்கு ஓலைகள். ஊரில் எட்டுப் பேருடைய பெயரை மட்டும் ஓர் ஓலை கூடுதலாக எழுதிக் குடத்தில் இட்டது போன்றது இது. 248க்கும் அதற்கு மேலும் வரும் எண்ணைத் தள்ளிவிட்டு, மறுபடியும் எடுப்பதே முறை.

அப்படியானால் கணிப்பொறிக்குள் அறியாச் சிறுவன் எங்கே கிடைப்பான்? அவனை வெளியிலிருந்துதான் அழைத்து வர வேண்டும். நாம் விசைகளைத் தட்டும் நேரத்தில் உண்டாகும் நுண்ணிய வேறுபாடுகள், வட்டு சுழன்று செய்தி தரும் கணத்தின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றை இயங்குதளம் திரட்டி வைக்கிறது. அவற்றை எவரும் முன்கூட்டிக் கணக்கிட முடியாது. லினக்ஸ் இயங்குதளத்தில் 1994 முதல் இத்தகைய ஏற்பாடு உண்டு. பைதான் மொழியில், சாவி முதலிய மறைபொருள்களுக்கென்றே 2016இல் வந்த 3.6 பதிப்பில் சீக்ரெட்ஸ் என்னும் தனிப் பகுதியைச் சேர்த்தார்கள். என் பேத்தி தன் நிரலில் ஒரு வரியை மாற்றினாள், விதையை நீக்கினாள். படிப்பகத்தின் இருநூறு குறியீடுகளும் புதிதாகப் பிறந்தன. ஒரே குறியீடு இருவருக்கு வந்துவிடாதபடி பட்டியலைச் சரிபார்க்கவும் செய்தாள். பக்கத்துத் தெருப் பையனிடம் நிரலை அப்படியே கொடுத்து, "இப்போது உண்டாக்கிக் காட்டு" என்றாள். அவனால் முடியவில்லை. முறை வெளிப்படை, முடிவு மறைபொருள்.

நேயர்களே, முடிப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் வரலாற்று ஆசிரியனாக இருந்ததற்குப் பொருள் இல்லை. உத்திரமேரூர்க் குடத்துக்குள் எல்லோருடைய பெயரும் போகவில்லை. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். கல்வி மிக்கவருக்கு அரைக்கால் வேலி நிலம் போதும் என்று ஒரு சலுகை உண்டு. முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியப் பொறுப்பில் இருந்தவரையும், கணக்குக் காட்டாதவரையும், அவருடைய உறவினரையும் விலக்கினார்கள். அது நேர்மையான விதி. ஆனால் பெண்கள் அந்தக் குடத்தில் இல்லை. அந்த நிலத்தை உழுதவர்களும், அந்த ஏரியின் கரையைச் சுமந்த மண்ணால் உயர்த்தியவர்களும் இல்லை. குடத்துக்குள் போன பெயர்களிடையே சமவாய்ப்பு முழுமையாக இருந்தது. குடத்துக்கு வெளியே நின்றவர்களுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், யார் பெயரை ஓலையில் எழுதுவது என்ற கேள்வியைக் குலுக்கல் தீர்க்காது. அதை மனிதர்களாகிய நாம்தான் தீர்க்க வேண்டும்.

கோயிலை விட்டுப் புறப்படும்போது என் பேத்தி தன் பத்து இலக்க எண்ணை மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். "தாத்தா, இது பெரிய எண்ணா, சிறிய எண்ணா என்று இனி நான் கேட்கமாட்டேன். இதை எடுத்த கை எதுவும் அறியாத கைதானா என்று மட்டும் கேட்பேன்" என்றாள்.

மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் பலர் இத்தகைய நிரல்களை எழுதுவீர்கள். ஒருவருடைய கல்லூரி இடமும், ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் மருந்தும், ஒரு குடும்பத்தின் வங்கிச் சேமிப்பும் நீங்கள் எழுதும் சில வரிகளில் அடங்கியிருக்கும். அப்போது உத்திரமேரூர்ச் சபையாரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். ஓலைகள் அனைத்தும் சமமா? குடம் நன்றாகக் குலுக்கப்பட்டதா? எடுப்பவன் உள்ளே இருப்பதை அறியாதவனா? வாங்கிய கை விரிந்திருக்கிறதா? இந்த நான்கு கேள்விகளுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால், உங்கள் நிரலை எந்தச் சுவரிலும் அச்சமின்றி வெட்டி வைக்கலாம்.